அப்பாவுக்கு குடல்வால்னு சொன்னாங்க, அதே ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் 8.6ன்னு இருந்துச்சு

பாமணியாறு | இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் நமக்கு. இஞ்ச படிக்கிறதோட சரி, எழுதுனது கெடையாது, கொஞ்சம் நீளமா போவும் பொறுத்துக்குங்க.

அப்பாவுக்கு 51 வயசு, விவசாயம். சம்பா நட்டு களையெடுக்குற சமயத்துல வயித்துவலி, மொதல்ல தொப்புளச் சுத்தி இருந்துச்சு அப்பறம் வலது பக்கம் கீழ எறங்கிடுச்சு, ரெண்டு வாட்டி வாந்தி, லேசா காய்ச்சல். ஆளு கஷாயம் குடிச்சே மூணு நாளு ஓட்டிட்டாரு. அப்பறந்தான் பக்கத்து டவுன்ல ஒரு நர்சிங் ஹோமுக்கு இழுத்துட்டுப் போனோம் (பேரு வேணாம்). வெள்ளணு 14,200, அதுல நியூட்ரோஃபில்ங்குற வகை 84 சதவீதம், அழற்சி பாக்குற சிஆர்பி 96. ஸ்கேன்ல குடல்வால் வீங்கியிருக்கு, மருந்துலயே பாப்போம்னு அஞ்சு நாளு ஆண்டிபயாடிக் போட்டாங்க, வலி போயிடுச்சு, வந்துட்டோம்.

அதே காயிதத்துல மொத வரியில ஹீமோகுளோபின் 8.6, கொஞ்சம் கீழ எம்சிவி 68. வெறுங்காலோட சேத்துல நிக்கிறவங்கல்ல, கொக்கிப்புழு இருக்கும்னு சொல்லி பூச்சி மாத்திர ஒன்னும் ஒரு மாசத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எழுதுனாங்க. எங்களுக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு, ஊர்ல பாதி பேரு அப்புடித்தான வெளுத்துப்போயி திரியுறான்.

அஞ்சு வாரம் கழிச்சு திரும்ப வலி. இந்த தடவ தஞ்சாவூரு. சிடி எடுத்தா குடல்வால் மொளைக்கிற எடத்துலயே பெருங்குடல் தடிச்சிருக்கு, குழாய் விட்டு பாத்து சதை எடுத்து அனுப்புனாங்க, கேன்சர். காப்பீட்டு கார்டுல ஆபரேஷன் முடிஞ்சு வலது பக்க குடல எடுத்தாச்சு. ரெண்டாவது ஸ்டேஜ், நெறிக்கட்டிக்குப் போவலன்னு சொல்லிருக்காங்க.

இப்ப கேள்வி என்னன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி சிஇஏன்னு கேன்சர் ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, அது 2.3, நார்மல். அத வச்சிகிட்டு பெரியப்பா வீட்டுல "கேன்சரே இல்லாதவனுக்கு குடல வெட்டிட்டானுவோ"ன்னு பேசுறாங்க. இன்னொன்னு, டவுன்ல ஒரு லேபு குடும்பத்தோட கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்னு நோட்டீஸ் குடுக்குறான், அம்மா நான் தம்பி மூணு பேரும் எடுத்துடலாமா?

கீழத்தெரு மாப்ள | இரவு 11.05

ப்ரோ அப்பா நல்லாயிடுவாரு கவலப்படாதீங்க. எனக்கு காலேஜ் படிக்கிறப்ப குடல்வால், வெள்ளணு 8,000 நார்மல்னு சொல்லி கேஸ் டிரபிள் ஊசி போட்டு அனுப்பிட்டான், மறுநாள் தொறந்து பாத்தா வெடிக்கிற நெலமையில இருந்துச்சாம். அன்னையிலேர்ந்து ரத்த டெஸ்ட்டுன்னாலே எனக்கு நம்பிக்க போச்சு

திருவாரூர் தேர் | இரவு 11.31

எல்லாம் வியாபாரம் தம்பி. எங்க தாத்தா எந்த டெஸ்ட்டும் எடுக்கல, 88 வயசு வரைக்கும் வரப்புல நடந்தாரு. பழைய சோறு மோரு இருக்கையில எதுக்கு மார்க்கரு

செவப்புமூடி | காலை 6.50

தேரு, உங்க தாத்தா நல்லாருந்ததுல சந்தோசம், ஆனா அந்த காலத்துல 45, 50ல "வயித்துல கட்டி"ன்னு போய்ச் சேந்தவங்கள கணக்குல வச்சீங்களான்னு யோசிங்க.

கும்பகோணத்துல 17 வருசமா லேபு மிஷின்ல ரத்தம் ஓட்டுறவன் நான். மாப்ளைக்கு மொதல்ல சொல்லிடுறேன். வெள்ளணு ஏறாத குடல்வால் நெறைய உண்டு, குறிப்பா வலி ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஊசி குத்துனா. சிஆர்பி இன்னும் மெதுவு. அது கல்லீரல் செய்யுற புரதம், எங்கயாவது அழற்சின்னா சேதி போயி அது உருவாகி ரத்தத்துல தெரியவே அரை நாளு ஆயிடும், உச்சத்துக்குப் போவ ரெண்டு நாளு. அதனால காலையில வலி, மத்தியானம் சிஆர்பி நார்மல்னா அதுக்கு அர்த்தம் ஒன்னுமே இல்ல. பாமணியாறு அப்பா மூணு நாளு இழுத்தடிச்சாருல்ல, அதான் 96. இன்னொரு கூத்து, சில லேபுல லிட்டருக்கு மில்லிகிராம், சில லேபுல டெசிலிட்டருக்கு, ஒருத்தன் 96ன்னு போடுவான் ஒருத்தன் 9.6ன்னு போடுவான், ரெண்டும் ஒன்னுதான். போன வாரம் ஒருத்தர் ரெண்டு ரிப்போர்ட்டையும் வச்சிகிட்டு பத்து மடங்கு கொறஞ்சிடுச்சுன்னு சந்தோசமா போனாரு, கூப்புட்டு ஒக்கார வச்சு சொல்ல வேண்டியதாப் போச்சு.

இப்ப அந்த 8.6. ஆம்பளைக்கு 13க்கு கீழ போனாலே ரத்தசோகை. எம்சிவின்னா சிவப்பணு ஒவ்வொன்னும் எவ்வளவு பெருசுன்னு, 80லேர்ந்து 100 இருக்கணும், 68ன்னா சுருங்கிப் போயிருக்கு. இரும்பு பத்தாமதான் பெரும்பாலும் இப்புடி சுருங்கும். கொக்கிப்புழு நம்ம பக்கம் இல்லாத சமாச்சாரமும் இல்ல. ஆனா மலத்துல புழு முட்டை பாத்தாங்களா? புழுன்னா ஈஸினோஃபில்னு ஒரு வகை வெள்ளணு ஏறியிருக்கும். அது எவ்வளவு இருந்துச்சு?

பாமணியாறு | காலை 8.12

ஈஸினோஃபில் 1ன்னு இருக்குண்ணே. மல டெஸ்ட்டு எடுக்கவே இல்ல.

செவப்புமூடி | காலை 8.20

சரி. ஞாயமா சொல்லணும்னா கடுமையான இன்ஃபெக்‌ஷன்ல ஈஸினோஃபில் தானா எறங்கிடும், அந்த 1ஐ மட்டும் வச்சு புழு இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாது. ஒடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்பு இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின் பாத்திருந்தாலும் அன்னைக்கு ஏமாத்தியிருக்கும், சிஆர்பி 96 இருக்கையில ஃபெரிட்டினும் கூடவே ஏறிக்கும், இரும்பே இல்லாதவனுக்கும் நார்மல்னு காட்டும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு வரச்சொல்லி திரும்ப எடுத்திருக்கணும், அந்த ஒரு வேலதான் நடக்கல.

வெண்ணாறு | காலை 10.15

பெரியாஸ்பத்திரில ரொம்ப வருசம் சர்ஜரி பாத்துட்டு இப்ப ரிட்டயர்டு. ரெண்டு மூணு விசயம்.

குடல்வாலுக்கு ரத்தம் மட்டும் பாத்து யாரும் முடிவு பண்றதில்ல, பண்ணவும் கூடாது. 1986ல அல்வராடோன்னு ஒருத்தர் ஒரு ஸ்கோர் போட்டுக் குடுத்தாரு, இன்னைக்கும் வார்டுல அததான் வெரல் விட்டு எண்ணுறோம். மொத்தம் 10. வலி எடம் மாறுனா 1, பசி போனா 1, வாந்தி கொமட்டல் 1, வலது கீழ அமுக்குனா வலிச்சா 2, அமுக்கி டக்குனு கைய எடுக்கையில வலிச்சா 1, காய்ச்சல் 1, வெள்ளணு 10,000க்கு மேலன்னா 2, நியூட்ரோஃபில் பக்கம் சாஞ்சிருந்தா 1. பாருங்க, பத்துல ஏழு மார்க் கையும் காதும் வச்சு வாங்குறது, மூணுதான் ரத்தம். மாப்ளைக்கு ரத்தத்துல சைபர் வந்தாலும் மிச்சத்துல ஏழு வரைக்கும் வந்திருக்கலாம், யாராவது வயித்துல கை வச்சிருந்தா.

அப்ப பாமணியாறு அப்பாவுக்கு குடல்வால்னு சொன்னது தப்பான்னா, தப்பே இல்ல. நெசமாவே குடல்வால் வீங்கித்தான் இருந்திருக்கும். ஏன் வீங்குச்சுங்குறதுதான் சமாச்சாரம். மதகு வாயில ஆகாயத்தாமரை வந்து அடைச்சா பின்னாடி தண்ணி தேங்கி நாறுதுல்ல, அதுமாதிரி பெருங்குடல் ஆரம்பிக்கிற பையில கட்டி ஒன்னு வந்து குடல்வால் வாய அடைச்சிடும். ஆண்டிபயாடிக் போட்டா சீழு அடங்கும், கட்டி அஞ்சயே ஒக்காந்திருக்கும். சின்னப் பசங்களுக்கு மலக்கட்டி, நெறி வீக்கம்னு வேற காரணம் இருக்கும். 40 தாண்டுனவங்களுக்கு ஆபரேஷன் இல்லாம மருந்துல விட்டா, பின்னாடி ஒரு தடவ குடல உள்ள பாத்துடணும்னு அதனாலதான் சொல்றது. ஆபரேஷன் பண்ணாலும் வெட்டுன குடல்வால குப்பையில போடாம பயாப்சிக்கு அனுப்பணும், எப்பவாவது உள்ள சின்னதா ஒரு கட்டி ஒளிஞ்சிருக்கும்.

வலது பக்க கட்டி இன்னொரு விதத்துல திருட்டுக் கட்டி. அந்த எடத்துல மலம் கூழாத்தான் இருக்கும், அடைப்பு சீக்கிரம் வராது, ரத்தமும் மலத்தோட கலந்து போறதால கண்ணுக்குத் தெரியாது. சொட்டு சொட்டா மாசக்கணக்குல போயி ஒடம்புல இரும்பு காலியாவும். அம்பது வயசு ஆம்பளைக்கு காரணம் தெரியாத இரும்புச் சோகைன்னா மேலயும் கீழயும் குழாய் விட்டுப் பாக்குற வரைக்கும் தூங்கக்கூடாதுன்னு எங்க வாத்தியாரு திட்டித் திட்டி சொல்லிக் குடுத்தது.

பாமணியாறு | மதியம் 1.40

படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் ஓடல டாக்டர் சார். அப்பா ஒரு வருசமாவே மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டுதான் இருந்தாரு, பீடிய விடுங்கன்னு நாங்கதான் திட்டிகிட்டு இருந்தோம்.

கொள்ளிடக்கரை அக்கா | மதியம் 2.25

தம்பி மனச விடாதீங்க, நானும் இந்த ரூட்ல வந்தவதான். எங்க வீட்டுக்காரருக்கு இடது பக்கம் குடல்ல கட்டி எடுத்து ஆறு வருசம் ஆச்சு. சிஇஏ பத்தி நான் சொல்றேன், என் கதையே அதான்.

அவருக்கு ஆபரேஷனுக்கு முன்ன 38 இருந்துச்சு, எடுத்து ஒன்றரை மாசத்துல 2.6க்கு வந்துச்சு. அப்பறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ எடுக்கச் சொன்னாங்க. 2.8, 3.1, 4.4. நார்மல்தானேன்னு நான் நிம்மதியா இருந்தேன், ஆனா டாக்டரம்மா நம்பர பாக்கல, ஏறுற மாதிரியைப் பாத்தாங்க. அடுத்தது 7.9. ஒடனே சிடி, கல்லீரல்ல ஒத்த புள்ளி, சின்னதா இருக்கையிலேயே எடுத்துட்டாங்க. இப்ப மனுசன் நேத்துகூட மீன் வாங்கப் போனாரு, முள்ளு பாத்துத் திங்கச் சொல்லி நான்தான் கத்திகிட்டு கெடக்கேன்.

அதனால சிஇஏ மோசம்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்குன்னு ஒரு வேல இருக்கு. கேன்சர் வந்தவங்களுக்கு திரும்பி வருதான்னு காவலுக்கு நிக்கிறது அது.

செவப்புமூடி | மாலை 4.02

அக்கா சொன்னதுல எழுத்து மாத்த வேண்டியதில்ல. ஒன்னே ஒன்னு சேக்குறேன், தொடர்ந்து எடுக்குறப்ப ஒரே லேபு ஒரே மிஷின்ல எடுங்க, மிஷினுக்கு மிஷின் நம்பர் வேற மாதிரி வரும், தேவையில்லாம பயந்து சாவீங்க.

பெரியப்பா வீட்டுக்கு சொல்லுங்க: சிஇஏவ 1965ல கனடாவுல மாண்ட்ரியல்ல கோல்டு, ஃப்ரீட்மேன்னு ரெண்டு பேரு கண்டுபுடிச்சாங்க. கேன்சர கண்டுபுடிக்கிற டெஸ்ட் கெடச்சிடுச்சுன்னு அப்ப பெரிய பேச்சு. அப்பறம் பாத்தா ஆரம்ப ஸ்டேஜ் குடல் கேன்சர்ல பாதிக்கு மேல அது நார்மலாவே இருக்கு, கேன்சரே இல்லாம பீடி சிகரெட் குடிக்கிறவன், கல்லீரல் கெட்டவன், குடல் புண்ணுக்காரனுக்கெல்லாம் ஏறுது. உங்க அப்பாவுக்கு 2.3 இருந்ததால கேன்சர் இல்லன்னு ஆவாது, பயாப்சிதான் தீர்ப்பு. உங்க மூணு பேருக்கும் அந்த பேக்கேஜ் எடுத்தாலும் இதே கததான், நார்மல்னா ஏமாந்து நிம்மதியாவீங்க, ஏறியிருந்தா தூக்கம் போவும். எங்க லேபுலயும் அந்த பேக்கேஜ் விக்குறோம், மொதலாளி இத படிக்காம இருந்தா சரி.

அந்தக் காசுல மலத்துல ரத்தம் பாக்குற டெஸ்ட் எடுங்க, ஃபிட்னு கேளுங்க. பழைய முறையில கறி தின்னிருந்தாகூட பாசிட்டிவ் காட்டும், இது மனுச ரத்தத்த மட்டும் புடிக்கும்.

கீழத்தெரு மாப்ள | மாலை 4.30

அமெரிக்காவுல ரத்தம் எடுத்தே குடல் கேன்சர் சொல்லிடுறாங்கன்னு வாட்ஸப்ல வந்துச்சே

விதைநெல் | மாலை 5.48

வந்தது உண்மதான். கேன்சர் செல் செத்து ஒடையுறப்ப அதோட டிஎன்ஏ துண்டு ரத்தத்துல மெதக்கும், அத வலை போட்டுப் புடிக்கிற டெஸ்ட். 2016ல செப்டின் 9ன்னு ஒரு மரபணுவ வச்சு ஒன்னுக்கு அங்க அனுமதி குடுத்தாங்க, 2024 ஜூலைல ஷீல்டுன்னு இன்னொன்னு. ஷீல்டு ஆய்வுல கேன்சர் இருக்குறவங்கள்ல 83 சதவீதம் பேர புடிச்சுது, கேட்டா சூப்பரு. ஆனா கேன்சரா மாறப்போற பெரிய பாலிப்ப, அதான் குடல் உள்சுவத்துல மொளைக்கிற சதைய, 13 சதவீதந்தான் புடிச்சுது. பாலிப்பா இருக்கையில புடிச்சு கிள்ளிட்டா கேன்சரே வராது, அந்த வேலைய இன்னும் குழாய்தான் செய்யுது.

நான் மரபியல் படிச்சவ, மாயவரம். பாமணியாறு அண்ணா, யாரும் கேக்காத ஒரு கேள்வி கேக்குறேன். அப்பாவுக்கு 51 தான். அப்பா வழியில வேற யாருக்காவது குடல், கர்ப்பப்பை, வயித்துல கேன்சர் உண்டா? சின்ன வயசுலயே போனவங்க?

பாமணியாறு | இரவு 9.15

அப்பாகூடப் பொறந்த அத்தை 44 வயசுல போச்சு, கர்ப்பப்பையில கட்டின்னு சொன்னாங்க. தாத்தாவும் 50க்குள்ள, வயித்துக் கடுப்பு, ரத்தமா போச்சுன்னு ஆயா சொல்லும். குலதெய்வ குத்தம்னு கெடா வெட்டுனது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஏன் கேக்குறீங்க?

விதைநெல் | இரவு 10.30

லிஞ்ச் சிண்ட்ரோம்னு ஒன்னு இருக்குண்ணா. உறுதின்னு நான் சொல்லல, ஆனா நீங்க சொன்ன கதை அப்புடியே அதோட முகஜாடை.

செல்லு ரெண்டாப் பிரியுறப்ப டிஎன்ஏவ நகல் எடுக்கும், எழுத்துப்பிழை வரத்தான் செய்யும். நாத்தங்கால்ல களை புடுங்க ஆளு வச்சிருக்குற மாதிரி, பிழை திருத்த நாலு புரதம் இருக்கு: எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2 ஒரு சோடி, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 ஒரு சோடி. ஒவ்வொரு மரபணுவும் அப்பாகிட்டேர்ந்து ஒன்னு அம்மாகிட்டேர்ந்து ஒன்னு. பொறக்கையிலயே ஒன்னு கெட்டுப்போயிருந்தா மிச்ச ஒன்னுல வண்டி ஓடும். குடல்லயோ கர்ப்பப்பையிலயோ ஒரு செல்லுல அதுவும் கெட்டா களை மண்டிப்போயிடும். சாதாரணமா ஒரு பாலிப் கேன்சராவ பத்து வருசம் கிட்ட எடுக்கும், இவங்களுக்கு ரெண்டு மூணு வருசமே போதும். குடல் கேன்சர் நூறு பேருல மூணு பேருக்கு கிட்ட இதுதான் காரணம். வலது பக்கமா வர்றதும் இதுல அதிகம்.

இதுக்குப் பின்னாடி ஒரு கதை உண்டு. 1895ல மிச்சிகன்ல வார்தின்னு ஒரு நோய்க்கூறு டாக்டருகிட்ட துணி தைக்கிற ஒரு அம்மா, எங்க வீட்டுல எல்லாரும் குடல்லயும் கர்ப்பப்பையிலயும் கட்டி வந்துதான் போறோம் நானும் அப்புடித்தான் போவேன்னு சொன்னாங்களாம், சொன்னபடியே கர்ப்பப்பை கேன்சர்ல போனாங்க. அவரு அந்தக் குடும்பத்த எழுதி வச்சு 1913ல வெளியிட்டாரு, ரொம்ப நாளு யாரும் கண்டுக்கல. 1966ல ஹென்றி லிஞ்ச் இதே மாதிரி குடும்பங்கள பத்தி எழுதுனாரு, மரபணு ஒவ்வொன்னா கையில சிக்குனது 1993லேர்ந்துதான். உங்க ஆயா சொன்னதுக்கும் அந்தத் தையக்காரம்மா சொன்னதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க.

இப்ப செய்ய வேண்டியது: அப்பாவோட கட்டிய மெழுகுக்கட்டியில பதிச்சு லேபுல வச்சிருப்பாங்க. அதுல நான் சொன்ன பிழை திருத்துற புரதம் நாலும் (எம்எம்ஆர்னு சொல்வாங்க) இருக்கான்னு சாயம் ஏத்திப் பாக்கச் சொல்லிக் கேளுங்க. புது ஊசி புது வலி எதுவும் கெடையாது.

வெண்ணாறு | இரவு 10.58

அம்மா சொல்றது நூத்துக்கு நூறு, நானே மொதல்ல கேட்டிருக்கணும். இன்னொரு காரணமும் இருக்கு பாமணியாறு. அந்தப் புரதம் இல்லன்னு வந்தா ரெண்டாவது ஸ்டேஜுல வழக்கமா குடுக்குற கீமோ மாத்திர மட்டும் குடுக்குறதால பலன் இல்லன்னு தெரிஞ்சிருக்கு. அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்ன கேட்டுடுங்க.

திருவாரூர் தேர் | காலை 7.10

பன்னெண்டு பேருக்கு கேன்சர் மருந்துலயே மறைஞ்சுதுன்னு ஒரு செய்தி சுத்துச்சே, அத ஏன் யாரும் சொல்ல மாட்டேங்குறீங்க, ஏழைக்கு கெடைக்கக் கூடாதுன்னுதானே

விதைநெல் | காலை 9.25

மறைக்கலையே அய்யா, இதே புரத சமாச்சாரந்தான் அது. 2022ல நியூயார்க்குல டோஸ்டார்லிமாப்னு மருந்து, மொத பன்னெண்டு பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாம போச்சு. ஆனா எல்லாமே மலக்குடல் கேன்சர், எல்லாருக்குமே எம்எம்ஆர் புரதம் இல்லாத கட்டி. பிழை நெறைய இருக்குறதால அந்தக் கட்டி நம்ம எதிர்ப்பு சக்திக்கு வேத்தாளு மாதிரி தெரியும், மருந்து கட்டவுத்து விட்டா அடிச்சுத் தூக்கிடும். மத்த கட்டிக்கு அப்புடி வேல செய்யாது. கேராஸ் மரபணு மாறியிருந்தா சில ஊசி மருந்து கேக்காதுன்னு முன்னாடியே பாக்குறதும் இதே கணக்குதான். கேராஸ் மாத்தம் கட்டியில மட்டும் நடக்குறது, புள்ளைக்குப் போவாது. லிஞ்ச் பொறப்புலயே வர்றது. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிறவங்க நெறைய பேரு.

பாமணியாறு | மூணு வாரம் கழிச்சு, இரவு 8.50

ரிசல்ட் வந்துச்சு. எம்எஸ்ஹெச்2வும் எம்எஸ்ஹெச்6வும் இல்ல. கீமோ வேணாம்னு சொல்லிட்டாங்க. அப்பாகிட்ட ரத்தம் எடுத்து மரபணு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கு. அதே ஊதா மூடி டியூபுதான், மொத நாளு 8.6 சொன்ன டியூபு. இத பாக்கையில ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இன்னொரு பிரச்சனை, சொல்லாம இருக்க முடியல. இறந்துபோன அத்தையோட பொண்ணத்தான் தம்பிக்கு பேசி வச்சிருக்கு, முறைப்பொண்ணு, தை மாசம் கல்யாணம்னு பேச்சு.

விதைநெல் | இரவு 9.40

நல்லவேள சொன்னீங்க. பதறாம படிங்க. அப்பாவுக்கு இருந்தா உங்களுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தைக்கும் இருந்திருந்தா அவங்க பொண்ணுக்கும் அதே பாதி. ஒருத்தருக்கு மட்டும் இருந்தா பொறக்குற புள்ளைக்கு பாதி வாய்ப்பு, வந்தாலும் வளந்தப்பறம் பாத்துக்கலாம். ரெண்டு பேருக்குமே இருந்தாதான் சிக்கல், நாலுல ஒரு வாய்ப்பு புள்ளைக்கு ரெண்டு நகலும் கெட்டதாப் போவும், அப்ப சின்ன வயசுலயே மூளை, ரத்தம், குடல்ல கேன்சர் வரும். அதனால கல்யாணத்த நிறுத்துங்கன்னு இல்ல, ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துட்டு ஒக்காந்து பேசுங்க. அப்பாவுக்கு எந்த எடத்துல பிழைன்னு தெரிஞ்சுட்டா மத்தவங்களுக்கு அந்த ஒரு எடத்த மட்டும் பாத்தா போதும், செலவு ரொம்பக் கொறையும். பொண்ணுகிட்ட நேரா சொல்லுங்க, பெரியவங்க மூலமா சுத்தி வளைச்சு போனா "பொண்ணுக்கு நோயி"ன்னு ஊரு கட்டிவிட்டுடும்.

கொள்ளிடக்கரை அக்கா | இரவு 9.55

அந்தப் பொண்ணு பாவம், ஆத்தாவையும் பறிகுடுத்துட்டு. நான் வேணும்னா பேசுறேன் தம்பி, நம்பர தனிச்சேதியில அனுப்புங்க.

பாமணியாறு | ரெண்டு மாசம் கழிச்சு, மாலை 6.30

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். அப்பாவுக்கு எம்எஸ்ஹெச்2 உறுதி. தம்பிக்கு இல்ல. அத்தை பொண்ணுக்கு இருக்கு. தம்பிக்கு இல்லாததால அந்த ரெண்டு நகல் பயம் கெடையாது, கல்யாணம் நிக்கல, தை போயி பங்குனிக்குத் தள்ளியிருக்கு, அவ்ளோதான். அக்கா பேசுனதுல பொண்ணு தெளிவாயிட்டா, வருசா வருசம் நான் பாத்துக்குறேன்னு அவளே தம்பிகிட்ட சொல்லியிருக்கா.

எனக்கு இருக்கு. எனக்கு 27. இருபது இருபத்தஞ்சு வயசுலேர்ந்தே ஒன்னு ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ குழாய் விட்டுப் பாக்கணுமாம், மொத தடவ வர்ற வியாழக்கெழம. பெரியப்பாவும் அவரு புள்ளைங்களும் இன்னும் டெஸ்ட்டுக்கு வரல, கேட்டா பேச்ச மாத்துறாங்க. அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 12.1.

அண்ணே ஒரு சந்தேகம், முந்துன நாளு வெறுந்தண்ணியா இருக்குறதுதான் குடிக்கணும்னு சீட்டுல போட்டிருக்கு, நுங்கு சாப்புடலாமா?

செவப்புமூடி | மாலை 6.41

நுங்கு வேணாம், பிசிறு தங்கும். எளநி வடிகட்டிக் குடி, வழுக்கைய தம்பிக்கு குடுத்துடு. குடல சுத்தம் பண்ண குடுக்குற பவுடர் தண்ணிய நல்லா குளுர வச்சுக்க, அப்பத்தான் எறங்கும்.